வரேன் என்று சொல்லாதவள்

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அந்த அத்தைக்குத் தெருவார் வைத்த பெயர் வாய்க்காரி. வைத்தவர்கள் திட்டுவதாக நினைத்துத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள். யாராவது முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டுவிட்டால், "ஆமா, வாய் இருக்கு, பேசறேன். உங்களுக்கு இருக்கிறது கொட்டாவி விடறதுக்கு மட்டுமா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவாள்.

முன்பு ஒரு தையல் கம்பெனியில் பிசிறு வெட்டும் மேசையில் இருந்தாள். பக்கத்து மேசைப் பெண்ணைச் சூப்பர்வைசர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினான். அந்தப் பெண் தலைகுனிந்து நின்றது. இவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது, மெதுவாப் பேசு" என்றாள். அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறைக்காரர், அதிகம் பேசாதவர். இவளைக் கட்டிக்கொண்டு அவர் எங்கே பேசுவது, பாவம்! "சரி விடு, வேற பார்த்துக்கலாம்" என்றார். அந்த வேறு வேலைதான் இந்த வேன்.

மஞ்சள் வேன், இழுத்துத் திறக்கிற கதவு. ஈரம் பட்டால் கதவு சிக்கிக்கொள்ளும், முழங்கையால் ஒரு இடி இடிக்க வேண்டும். வாந்தி எடுக்கிற பிள்ளை கதவோரம், அடித்துக்கொள்கிற இரண்டும் ஆளுக்கொரு மூலை. தண்ணீர் பாட்டில் மாறிப்போனால் அதற்கொரு பஞ்சாயத்து. வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. அது மூடினால் மூடினதுதான். புழுக்கத்தில் ஒரு பிள்ளை சிணுங்க ஆரம்பித்தால் வரிசையாக எல்லாம் ஆரம்பித்துவிடும். டிரைவர் பாட்டுப் போட்டுப் பார்த்தார். பாட்டுக்கு மேலே அழுதார்கள். அப்போதுதான் இவள் கதை சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குப் பிறகு மூடவே இல்லை.

கதைக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தாள். ஒன்று, எல்லோரும் 'ம்' கொட்ட வேண்டும். "யாராவது ஒருத்தர் ம் கொட்டலைன்னாலும் கதை அங்கேயே நிக்கும்" என்பாள். அதனால் வேன் முழுக்க ம் ம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். டிரைவர் உள்பட. இரண்டாவது சட்டம்தான் வம்பை இழுத்துவந்தது. அவள் கதையில் தொலைந்தது தொலைந்ததுதான். எந்த தேவதையும் கோலைச் சுழற்றிக்கொண்டு வராது. கொக்குக்கு ஒரு கால் போனால் போனதுதான், அப்புறம் அது ஒற்றைக் காலில் என்னென்ன பண்ணியது என்பதுதான் கதை.

"நல்லா சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லக் கூடாதா?" என்று ஒரு தாய் வேனை மறித்துச் சண்டைக்கு வந்தாள். "கொக்குக்குக் கால் போச்சுன்னு நேத்து என் பையன் ஒரே அழுகை."

"அழுதான்ல? அப்புறம் என்ன பண்ணான்?"

"சாப்பிட்டான், தூங்கினான்."

"காலையில?"

"வேன் வரலை வரலைன்னு வாசல்லயே நிக்கிறான்."

"அவ்வளவுதாங்க விஷயம். வழியை விடுங்க, நேரமாச்சு."

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரவில்லை. கேட்டபோதெல்லாம் சித்தியும் மாமாவும் "வந்துடுவா, வந்துடுவா" என்றார்கள். பிள்ளை சாயங்காலமானால் வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் ஒருநாள் தெருவில் விளையாட்டுச் சண்டையில் ஒரு பையன் கத்தினான்: "உங்கம்மா செத்து எவ்வளவு நாளாச்சு, உனக்கு மட்டும்தான் தெரியாது!" தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. அந்தப் பையன் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. சித்தி மேலும் மாமா மேலும் வந்த கோபம் மட்டும் இன்றைக்கு வரை ஆறவில்லை.

இப்போது ஜன்னல்சீட்டுக்காரியிடம் வருவோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, ஜன்னலோர இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அவளுடைய அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். தினமும் அவர்தான் வேனில் ஏற்றிவிடுவார். பெண் பிள்ளைதான், ஆனாலும் அவருக்கு அவள் 'டா'. "ஷூவை ஒழுங்காப் போடுடா. ஏறுடா. அப்பா வரேன்டா" என்று வேன் நகரும்வரை ஒரே டா மயம்தான்.

ஒருநாள் அந்த மனிதர் வேலைக்குப் போன இடத்தில் விழுந்து செத்துப்போனார். பிள்ளையை அன்றே வெளியூரில் இருக்கிற ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது, "அப்பா வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கார்" என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்ல முடிவெடுத்தவர் பெரியப்பா. தம்பி செத்த பிறகு அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பிள்ளையின் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், அழுது அழுது ஓய்ந்து, யார் எது சொன்னாலும் தலையாட்டும் நிலையில் இருந்தாள்.

மறுபடியும் வேனுக்கு வந்த முதல் நாள், பிள்ளை படியில் காலை வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்து, "போறேன்" என்றது.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போயிட்டு வரேன்னு சொல்லு!"

"போறேன்."

பளாரென்று ஒரு அறை. அடித்த கையை அவளே வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பிள்ளை அழவில்லை, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாளும் போறேன், அதற்கு மறுநாளும் போறேன், மாசம் ஒன்றிரண்டு போயும் அதே போறேன். திரும்பி வராதவர்கள் பேசுகிற பேச்சை வாசலில் நின்று ஒரு குழந்தை பேசினால் எந்தத் தாய்க்கு ஈரல்குலை நடுங்காது? அக்கம்பக்கத்தில் பிள்ளைக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். வேனிலும் அது யாரோடும் பேசவில்லை. முக்கியமாக, ம் கொட்டவில்லை.

சட்டப்படி கதை நின்றிருக்க வேண்டும். வாய்க்காரி முதல் தடவையாகச் சட்டத்தை மீறினாள்.

"பொடிசுன்னு ஒரு எறும்பு. எறும்புக் கூட்டத்திலேயே அதுதான் குட்டி. அதோட அப்பா எறும்பு ஒருநாள் சர்க்கரை எடுத்துட்டு வரக் கிளம்புச்சு. கிளம்பும்போது என்ன சொல்லிச்சு?"

"போயிட்டு வரேன்!" என்று வேனே கத்தியது.

"ம். ஆனா வரலை."

ஜன்னலைப் பார்த்திருந்த முகம் உள்ளே திரும்பியது.

"நாளைக்கு வந்துடும்ல அத்தை?" என்றான் முன்பல் விழுந்த ஒருவன்.

"வராது. ஒரு செருப்புக்கால் மிதிச்சிடுச்சு."

"எறும்பு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகட்டும்!"

"போனாங்க. டாக்டர் எறும்பும் கையை விரிச்சிட்டார்."

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "ஏம்மா, காலங்காத்தால இது தேவையா?"

"நீங்க ரோட்டைப் பாருங்கண்ணே."

மறுநாள் கேட் மூடியிருந்தது. கதை தொடர்ந்தது. பொடிசுவிடம் யாரும் நிஜத்தைச் சொல்லவில்லை. அப்பா தூரத்துச் சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போயிருப்பதாகப் பெரிய எறும்புகள் எல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டு சொல்லின.

"ஆனா எறும்பு நடக்கிற வழியெல்லாம் அதோட வாசம் இருக்கும். பொடிசு தினமும் அப்பா போன வழியை மோந்து பார்க்கும். வாசம் குறைஞ்சுட்டே வருது. பெருசுங்க சொல்றது ஒண்ணு, மூக்கு சொல்றது ஒண்ணு. பொடிசு எதை நம்பும்?"

"பெருசுங்களை" என்றது ஒரு நல்ல பிள்ளை.

"மூக்கை" என்றாள் ஜன்னல்சீட்டுக்காரி.

அவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தக் குரல் கேட்டதில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். பிள்ளை எழுந்து, மற்ற பிள்ளைகளின் பைகளைத் தாண்டி, வாய்க்காரியின் மடிப்பக்கம் வந்து நின்றது.

"அத்தை, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்கப்பா போன் பண்றார்."

செத்த மனிதர் போன் பண்ணுகிறாராமே!

"என்னடா சொல்றார்?"

"'நல்லாப் படிக்கிறியாம்மா, சாப்பிட்டியாம்மா'ங்கிறார். எங்கப்பா என்னை மா சொல்ல மாட்டார், டாதான் சொல்வார். அது பெரியப்பா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசறார்."

சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தன. வாய்க்காரி சிரிக்கவில்லை. இந்தக் குஞ்சு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தெரிந்தும் தெரியாததுபோல் தலையாட்டியிருக்கும்? பெரியவர்கள் மனசு நோகக் கூடாதென்று அது நடித்துக்கொண்டிருக்கிறது! அப்பா செத்துவிட்டார் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அதைச் சொல்ல வேண்டியவள் வேறொருத்தி.

"பொடிசு இப்போ என்ன பண்ணும்னு நினைக்கிறே?"

"கடிக்கும்."

"யாரை?"

"எல்லாரையும்."

"எறும்புன்னா கடிக்கத்தான் செய்யும். கடிச்சு முடிச்சதும் அம்மா எறும்புகிட்ட போய் நிக்கும். 'எனக்கு நிஜம் வேணும், சொல்லு'ன்னு கேக்கும். சொல்ற வரைக்கும் கேக்கும்."

"ம்" என்றாள் ஜன்னல்சீட்டுக்காரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது பிள்ளை, "நீங்க எங்கப்பா இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டது. பெரியப்பா அடித்துப்பிடித்து வீட்டுக்கு வந்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினார். பிள்ளை அவர் மணிக்கட்டைக் கவ்வியது, கவ்விய கவ்வில் பல் பதிந்துவிட்டது. "பொடிசு கடிக்கும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போய் அம்மா முன்னால் நின்றிருக்கிறது. "எனக்கு நிஜம் வேணும், சொல்லு." புருஷனின் அண்ணன் அங்கே நிற்கும்போது அம்மாவுக்கு வாய் எழவில்லை.

பொடிசு யார் என்று துருவித் துருவிக் கேட்டுப் பெரியப்பா வேன் கதையைக் கண்டுபிடித்துவிட்டார். திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில் வாய்க்காரியை நிற்க வைத்தார்கள். பெரியப்பா மணிக்கட்டை மேசைமேல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். சுவரோர நாற்காலியில் பிள்ளையின் அம்மா.

"பாருங்க மேடம், பிஞ்சு மனசுல விஷத்தைக் கலந்திருக்கா. பிள்ளைங்களைப் பார்த்துக்க ஆள் வெச்சீங்களா, பேய்க்கதை சொல்ல ஆள் வெச்சீங்களா?"

தலைமையாசிரியை கெட்ட மனுஷி அல்ல. பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்குப் பெற்றோர் என்றால் ஒரு பயம், அவ்வளவுதான். "இங்க பாரும்மா" என்றார். "நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பே. சார்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடு. இனிமே வேன்ல கதை வேண்டாம். இதோட முடிச்சுக்கலாம்."

"எதுக்கு மேடம் மன்னிப்பு? நான் சொன்னது எறும்புக் கதை. அதுல இவருக்கு இவர் மூஞ்சி தெரிஞ்சா நான் என்ன பண்றது?"

"திமிரைப் பார்த்தீங்களா!"

"ஆமா சார், திமிர்தான். நீங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு செத்தவர் மாதிரி பேசுவீங்க, அதுக்குப் பேரு பாசம். நான் எறும்பைப் பத்திப் பேசினா திமிரா?"

பெரியப்பாவுக்குக் குரல் உடைந்தது. அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர்தானே. "அதுக்கு என்ன வயசாகுது? தாங்குமா அது? வளர்ந்ததும் நாங்களே பக்குவமாச் சொல்லிக்குவோம்."

"வளர்ந்ததும்னா எப்போ சார்? எங்கம்மா செத்தப்போ எங்க வீட்லயும் அப்படித்தான் நினைச்சாங்க. நான் வளர்ந்து, கல்யாணமாகி, தலையும் நரைச்சாச்சு. இன்னும் ஒருத்தரும் வந்து சொல்லலை."

வாய்க்காரி சுவரோர நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள். அவள் குரல் அப்போது இறங்கியிருந்தது. "உன் பொண்ணுக்குத் தெரியும்மா. எல்லாம் தெரிஞ்சு, தனியா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. கூடச் சேர்ந்து அழ ஆள் இல்லை அதுக்கு. நீயும் உன் ரூம்ல தனியாத்தானே அழறே?"

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. மடியில் கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின.

"கடைசியாக் கேக்கறேன்" என்றார் தலைமையாசிரியை. "மன்னிப்பு கேக்கறியா?"

"மாட்டேன் மேடம்."

"அப்ப நாளையிலேர்ந்து வேண்டாம். இன்னிக்குச் சாயங்காலம் மட்டும் பிள்ளைங்களைக் கொண்டுபோய் விட்டுடு, வேற ஆள் இல்லை. கதை கூடாது."

சாயங்காலம் வேன் கிளம்பியதும் கதை கதை என்று பிள்ளைகள் ஆரம்பித்தன. விஷயம் அதற்குள் டிரைவர் காதுக்கும் போயிருந்தது. கேட் திறந்துதான் இருந்தது. அவர் பாட்டுக்கு வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். "ரேடியேட்டர் சூடாயிடுச்சு. ஆறணும். நீ பாட்டுக்குச் சொல்லும்மா, வேலையை விட்டே போகச் சொன்னவங்க கதை கூடாதுன்னு சட்டம் போடறாங்களாம், சட்டம்!"

வாய்க்காரி சொன்னாள். பொடிசு அம்மா எறும்பிடம் கேட்டது. அம்மா எறும்பு சொல்லவில்லை. மறுபடி கேட்டது. அம்மா எறும்பு அழுதுகொண்டே சொல்லிவிட்டது. இரண்டும் சேர்ந்து அழுத அழுகையில் எறும்புப் புற்றுக்குள் வெள்ளமே வந்துவிட்டது. பெரிய பெரிய எறும்பெல்லாம் இலைமேல் ஏறி மிதந்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"அப்புறம்?" என்றாள் ஜன்னல்சீட்டுக்காரி. அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் பசிச்சுது. பொடிசு வெளியே போயி ஒரு சர்க்கரையை உருட்டிக்கிட்டு வந்துச்சு. அது நடந்த வழியில இப்ப அதோட வாசம்."

ஒவ்வொரு வாசலாக வேன் நின்றது. நாளையிலிருந்து அத்தை இல்லை என்று தெரிந்ததும் இறங்குகிற பிள்ளைகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "வரேன்னு சொல்லுங்க அத்தை, வரேன்னு சொல்லுங்க" என்றன. அவளுக்கும் வாயில் வந்த வார்த்தை அதுதான். ஆயுசு முழுக்கப் படி இறங்கும்போதெல்லாம் சொல்லிப் பழகிய வார்த்தை. சொல்லிவிட்டு வராமல்போனால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஜன்னலோரத்திலிருந்து இரண்டு கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"போறேன்டா கண்ணுங்களா" என்றாள்.

ஜன்னல்சீட்டுக்காரியின் வாசலில் எப்போதும் பக்கத்து வீட்டம்மாள்தான் நிற்பாள். அன்றைக்கு அம்மா நின்றாள். மருந்துக்கடைச் சீருடையோடு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பெரியப்பா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே வந்து பேசிக்கலாம், தெருவுல வேண்டாம்" என்று அடக்கிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா தெருவிலேயே மண்டியிட்டாள். "வாடா" என்றாள்.

பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. அந்த டா அந்த வீட்டில் கேட்டு மாசக்கணக்காகிறது.

"அப்பா வெளிநாடு போகலைடா. வேலை செய்யற இடத்துல விழுந்துட்டார். செத்துப் போயிட்டார். இனிமே வரமாட்டார். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்டா."

பிள்ளை அம்மாவின் தோளில் குத்தியது. முகத்தில் குத்தியது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டது, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "ஐயோ, குழந்தையை உள்ளே தூக்கிட்டுப் போங்க, தண்ணி குடுங்க, அழாதேன்னு சொல்லுங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரியப்பா தூக்கக் குனிந்தார்.

"யாரும் தொடாதீங்க!" என்றாள் அம்மா. அந்தத் தெரு அவளிடம் அப்படி ஒரு குரலை அதுவரை கேட்டதில்லை. "அவ அப்பாவுக்காக அவ அழறா. அழட்டும். நானும் அழறேன். பார்க்கறவங்க பாருங்க!"

பெரியப்பா குனிந்த வாக்கிலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். கடிபட்ட கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

வேன் கிளம்ப வேண்டும். இன்னும் இறங்க வேண்டிய பிள்ளைகள் இருந்தன. மூக்கு ஒழுக ஒழுக ஜன்னல்சீட்டுக்காரி கதவருகே வந்தாள். விக்கலுக்கு நடுவே கேட்டாள்.

"நீங்க நாளைக்கு வருவீங்களா அத்தை?"

"இல்லடா. எனக்கு வேலை போச்சு. போறேன்."

பிள்ளை சீருடைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

"சரி. அப்ப நான் வரேன்" என்றது.

அம்மா திடுக்கிட்டுப் பார்த்தாள். அந்த வார்த்தையைத்தானே இத்தனை நாளாக அடித்தும் கெஞ்சியும் கேட்டுக்கொண்டிருந்தாள்!

அதற்குப் பிறகு வாய்க்காரிக்கு நல்ல நாட்கள் என்று சொல்ல முடியாது. வேறு பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பார்த்தாள், எதிர்த்துப் பேசுகிறவள் என்று அவளுக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. ஒரு மன்னிப்பில் என்ன குறைந்துபோயிருக்கும் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை, எதிர்வீட்டுக்காரிகள் எல்லோரும் கேட்டார்கள். "நான் குறைஞ்சு போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் துணி அலசப் போனாள். வாய் என்னவோ குறையவில்லை. ஆனால் காலையில் வேன் போகிற நேரத்துக்குக் கை சும்மா இருக்க மறுத்தது, நன்றாக இருக்கிற கதவையெல்லாம் முழங்கையால் இடித்துப் பார்த்தாள். குழந்தைகள் ஆயிரம் சொல்லும், அதற்குள் மறந்திருக்கும், மறக்கட்டும், அதுதான் நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டதை அவளே நம்பவில்லை.

ஒரு சனிக்கிழமை, பிழிந்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் நிழல் விழுந்தது. திரும்பினாள். கைப்பையோடு அந்த அம்மா, அவளுக்கு முன்னால் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஜன்னல்சீட்டுக்காரி.

"தெருத் தெருவாக் கேட்டுக் கேட்டு வந்தோம்க்கா" என்றாள் அம்மா. "வாய்க்காரி வீடுன்னு சொன்னதும்தான் வழி சொன்னாங்க."

"வரேன்னு சொன்னேன்ல?" என்றது பிள்ளை, சண்டைக்கு வந்ததுபோல.

ஈரத்துணி கையிலிருந்து நழுவியது. வாய்க்காரி வாயைத் திறந்தாள், மூடினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை அதுபாட்டுக்கு உள்ளே வந்து, நல்ல இடமாகப் பார்த்து ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அம்மாவையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தது. பிறகு வாய்க்காரியை நிமிர்ந்து பார்த்து, கதை தொடங்குவதற்கு முன்பே சொன்னது:

"ம்."